விசில் ஒன்றுதான், சைகை பல! பேஸ்கட்பால் ரெஃப்ரி கையில் என்ன சொல்கிறார் தெரியுமா?

பேஸ்கட்பால் மேட்ச்சில் விசில் அடித்ததும் ரெஃப்ரி கையைத் தூக்குவார். அடுத்து விரல்களைக் காட்டுவார், இடுப்பில் கை வைப்பார், ஒரு பக்கம் கையை நீட்டுவார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆனால் இதில் ஒரு விரல் மாறினாலும், தப்பே செய்யாத வீரர் மேல் ஃபவுல் ஏறிவிடலாம்.

முஷ்டியா, உள்ளங்கையா?

முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். ரெஃப்ரி கையை மூடி முஷ்டியாக உயர்த்தினால் ஃபவுல். விரித்த கையை உயர்த்தினால் விதிமீறல். அதாவது டிராவலிங், டபுள் டிரிபிள் போன்றவை. இரண்டிலும் கடிகாரம் நிற்கும். ஆனால் விதிமீறலில் பந்து மட்டும்தான் எதிரணிக்குப் போகும். ஃபவுல் என்றால் வீரரின் கணக்கில் ஏறும். ஃபிபா எனப்படும் சர்வதேச கூடைப்பந்து கூட்டமைப்பின் விதிப்படி, 5 ஃபவுல் ஆனால் அந்த வீரர் வெளியேற வேண்டியதுதான். அமெரிக்காவின் என்பிஏவில் 6.

மூன்று தகவல், ஒரே வரிசை

ஃபவுல் கொடுத்த ரெஃப்ரி, ஸ்கோரர் டேபிள் பக்கம் திரும்பி மூன்று விஷயம் சொல்வார். முதலில் ஃபவுல் செய்தவரின் ஜெர்சி எண், அடுத்து எந்த வகை ஃபவுல், கடைசியாக எத்தனை ஃப்ரீ த்ரோ அல்லது பந்து எந்தப் பக்கம் என்பது. அரங்கத்தில் இருக்கிற சத்தத்தில் வாயால் சொன்னால் மட்டும் காதில் விழாது. அதனால் கைதான் முக்கியம்.

எண் காட்டுவதில்தான் குழப்பம் வரும். முன்பு ஃபிபாவின் முக்கியப் போட்டிகளில் 4 முதல் 15 வரையான எண்கள்தான். 2014-ல் 0, 00, 1 முதல் 99 வரை அனுமதி கிடைத்தது. 24-ம் எண் வீரர் என்றால், முதலில் புறங்கை தெரியும்படி 2 விரல், அதன்பின் உள்ளங்கை தெரியும்படி 4 விரல். இரண்டையும் ஒரே நேரத்தில் காட்டிவிட்டால், டேபிளில் இருப்பவர் கூட்டிப் பார்த்து 6 என்று எழுதிவிட வாய்ப்பு இருக்கிறது.

மோதல் ஒன்று, தீர்ப்பு இரண்டு

பந்தோடு ஓடி வருபவரும் தடுப்பவரும் மோதிக்கொள்கிறார்கள். தப்பு யார் மேல்? ரெஃப்ரி இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்தால் பிளாக்கிங், தடுத்தவர் மேல் தப்பு. முஷ்டியால் உள்ளங்கையில் குத்திக் காட்டினால் சார்ஜிங், பந்தோடு வந்தவர் மேல் தப்பு.

அடிக்கடி பார்க்கும் மற்ற சைகைகள்:

- இரண்டு முஷ்டிகளையும் உருட்டினால் டிராவலிங்
- மணிக்கட்டைப் பிடித்துக் காட்டினால் ஹோல்டிங்
- தலைக்கு மேலே கையைத் தூக்கி மணிக்கட்டைப் பிடித்தால் அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் ஃபவுல்
- கைகளால் ஆங்கில எழுத்து 'டி' போலக் காட்டினால் டெக்னிக்கல் ஃபவுல்
- இரண்டு முஷ்டிகளையும் மேலே உயர்த்தினால் டிஸ்குவாலிஃபையிங், ஆட்டத்தை விட்டே வெளியேற்றம்
- ஒரு கையில் மூன்று விரல் என்றால் 3 பாயிண்ட் முயற்சி, இரண்டு கையிலும் காட்டினால் பந்து விழுந்துவிட்டது

சொந்த ஸ்டைல் கூடாதா?

கூடாது. விதிப்புத்தகத்தில் படம் போட்டுக் காட்டியிருக்கும் சைகைகள் மட்டுமே அதிகாரப்பூர்வமானவை என்கிறது ஃபிபா. காரணம் எளிது. ஒரு நாட்டு ரெஃப்ரி காட்டுவது, வேறு மொழி பேசும் ஸ்கோரருக்கும் கோச்சுக்கும் அப்படியே புரிய வேண்டும். அவசரமாகக் காட்டினாலும் சிக்கல், ஓடிக்கொண்டே காட்டினாலும் சிக்கல். நின்று, தெளிவாக, ஒவ்வொன்றாகக் காட்டுவதுதான் சரியான முறை.

அடுத்த மேட்ச்சில் விசில் அடித்ததும் ரெஃப்ரியின் கையை முதலில் பாருங்கள். மூடியிருக்கிறதா, விரிந்திருக்கிறதா என்று தெரிந்தாலே பாதி தீர்ப்பு புரிந்துவிடும்.