பக்கத்து நிலத்து மகரந்தம் பட்டால் ஸ்வீட் கார்ன் இனிக்காதா?

தக்காளிக்கும் கொத்தமல்லிக்கும் பேர் போன ஊர் சூளகிரி. தக்காளி விலை சரியும்போதெல்லாம் ‘வேறு என்ன போடலாம்?’ என்ற பேச்சு வரும். ஓசூரும் பெங்களூரும் பக்கம்தானே என்று ஸ்வீட் கார்ன் போட நினைப்பவர்கள், வேலிக்கு அந்தப் பக்கம் என்ன பயிர் நிற்கிறது என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது. மாட்டுக்கான தீவன மக்காச்சோளம் என்றால் சிக்கல்தான்.

சாதாரண மக்காச்சோளம், மணிக்குள் வந்து சேரும் சர்க்கரையை மாவுச்சத்தாக மாற்றிவிடும். அதில் ஒரு படியைக் கவனிக்கும் மரபணுவின் பெயர் ‘ஷ்ரங்கன்-2’. அது பழுதானால் மாவு சரியாகச் சேராது. சர்க்கரை அப்படியே தங்கும். காய்ந்தபின் மணி சுருங்கிப்போகும். இன்றைய ‘சூப்பர் ஸ்வீட்’ ரகங்களின் ரகசியம் இந்தப் பழுதுதான். 1950-களில் இதன் இனிப்பைக் கவனித்துச் சொன்னவர் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஜான் லாஃப்னன்.

ஆனால் இது ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இரு பக்கமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் மணி இனிக்கும். கதிர் நுனியில் தொங்கும் ஒவ்வொரு பட்டு நூலும் ஒரு மணிக்கானது. ‘ஆப்பிரிக்க நெட்டை’ போன்ற தீவன ரகத்தின் மகரந்தம் காற்றில் வந்து ஒரு நூலில் ஒட்டினால், அதிலுள்ள நல்ல மரபணு வேலையைத் தொடங்கிவிடும். அந்த மணி மாவாகிவிடும். அடுத்த தலைமுறை வரை காத்திருக்க வேண்டாம், அதே கதிரிலேயே தெரியும்!

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் இந்தப் பயம் இல்லை. எந்த மரத்து மகரந்தம் பட்டாலும் பெங்களூரா பெங்களூராதான். அங்கே நாம் தின்பது தாய்மரம் தரும் சதை. இங்கே தின்பது விதையையே.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. பழைய ஸ்வீட் கார்ன் ரகங்களில் பழுதானது ‘சுகரி-1’ என்ற வேறொரு மரபணு. அதையும் சூப்பர் ஸ்வீட்டையும் அருகருகே போட்டால், ஒன்றின் குறையை மற்றொன்று சரிசெய்துவிடும். இரண்டும் இனிப்பு ரகம்தான், கலந்து விளையும் மணியில் இனிப்பு இருக்காது.

வீரிய ஒட்டு ரகத்தின் கதிரை விதைக்கு எடுத்து வைப்பதும் பலன் தராது. மரபணுக்கள் பிரிந்து, செடிகள் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என வளரும்; விளைச்சலும் குறையும்.

தப்பிக்க, இரண்டு பயிருக்கும் நடுவே 250 அடியாவது வேண்டும். அல்லது பூக்கும் காலத்தில் 2 வார இடைவெளி வேண்டும். ஆண் பூ விரிவதற்கு முன்பே தீவனத்தை அறுக்கச் சொல்லலாம்தான். ஆனால் மணி பால் பிடிக்கும்போதுதான் தீவனத்தில் சத்து அதிகம். மாடு வைத்திருப்பவர் சம்மதிக்க வேண்டுமே!