பழங்கட்டடங்களின் வாயில்: சப்பிரகமுவத் தோட்டங்களை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

வீட்டைத் தனியே கூறாது 'வீடுவாசல்' எனச் சேர்த்துக் கூறுவது தமிழர் வழக்கு. கதவுநிலை நிறுத்துதற்கு நன்னாள் பார்த்து, மஞ்சளும் குங்குமமும் இடுவதும் அவ்வழக்கோடு ஒட்டியதே. ஒரு மனைக்குள் யார் புகலாம், எவ்வாறு புகலாம் என்பதை அதனைக் கட்டுவித்தோன் வாயிலைக் கொண்டே உணர்த்துகின்றான். ஆகலின், பழங்கட்டடம் ஒன்றின் வாயிலைப் புதுக்குதல் சுவருக்கு வெள்ளை பூசுதல் போன்ற எளிய செயல் அன்று.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் இவ்வுண்மை கண்கூடாக விளங்கும். துரையின் பங்களாவிற்கு வண்டி வந்து நிற்கும் முகப்பும் அகன்ற இரட்டைக் கதவும் உண்டு. 'ஸ்டோர்' எனத் தோட்டத்து மக்கள் வழங்கும் தொழிற்சாலைக்கு மூட்டை புகும் அளவான பெருங்கதவு உண்டு. லயத்திற்கோ காம்பரா ஒன்றுக்கு ஒற்றைக் கதவு. அதற்கு முன்னே இஸ்தோப்பு. காம்பரா என்னும் சொல் போர்த்துக்கேயர் வழியும், இஸ்தோப்பு என்பது ஒல்லாந்தர் வழியும் வந்தவை. லயங்களைக் கட்டுவித்த ஆங்கிலேயர் தந்தது, வரிசை என்னும் பொருளுடைய 'லயன்' என்ற சொல் ஒன்றே. பெயரிடுவதிலும் அவர்கள் சிக்கனத்தையே கடைப்பிடித்தனர் போலும்.

காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதனுள் அடங்காத வாழ்வு முழுவதும் இஸ்தோப்பிற்கே வந்து சேர்ந்தது. கொழுந்துக் கூடை தொங்கியது அங்கே. மழையில் நனைந்த கம்பளி காய்ந்தது அங்கே. விருந்தினர் அமர்ந்ததும், பிணம் கிடத்தி ஒப்பாரி வைத்ததும் அங்கேதான். குடும்பம் பெருகியபொழுது பலகையாலும் தகரத்தாலும் அதனை அடைத்து மேலும் ஓர் அறையாக்கிக் கொண்டனர். கட்டடத்தின் இயல்பு கெட்டது என இதனைப் பழிப்பார் உளர். மூன்று தலைமுறையினர் ஒரு காம்பராவில் உறங்க நேர்ந்த இடத்தில் அப்பழிக்கு இடமில்லை. எனினும், அடைபட்டதனால் இழந்தது அழகு மட்டும் அன்று என்பது பின்னர்க் காட்டப்பெறும்.

வாயிலைப் புதுக்கவேண்டிய தேவை இன்று இரு திசைகளிலிருந்து எழுகின்றது. ஒன்று சட்டம். உடற்குறை உடையோர் உரிமைகளைக் காக்கும் 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், பொதுக்கட்டடங்களுள் அவர்கள் தடையின்றிப் புகுவதற்கான விதிகள் 2006இல் வெளியாயின. புதிய பொதுக்கட்டடங்கள் அவற்றைப் புறக்கணித்தலாகாது என உயர் நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. மற்றொன்று முதுமை. நாற்பது ஆண்டுகள் மலையேறிக் கொழுந்து பறித்த மூதாட்டிக்குத் தன் வீட்டு வாசலின் மூன்று கற்படிகள் மலையினும் பெரியவாகிவிடுகின்றன. லயங்களைப் பொறுத்தவரை இரண்டாவதே முதன்மையானது. அங்கு வாழ்வோர் இருக்கும்வரை, கட்டடத்தின் பழமையினும் அவர்தம் முழங்கால் பெரிது.

பழமை கெடாது புதுக்குதற்கு வழி உண்டா? உண்டு என்பதற்குக் காலிக் கோட்டை சான்று. அதன் பழைய வாயிலின் உட்புறத்தில் 1669 என்னும் ஆண்டோடு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரையும், வெளிப்புறத்தில் ஆங்கில அரசின் முத்திரையும் உள்ளன. போக்குவரத்துப் பெருகியபொழுது ஆங்கிலேயர் அக்குறுகிய வாயிலை இடித்து அகலமாக்கவில்லை. சூரியன், சந்திரன் எனப் பெயர்பெற்ற கொத்தளங்களுக்கு இடைப்பட்ட மதிலில் 1873இல் வேறொரு வாயில் திறந்தனர். இம்முறை தமிழர்க்கும் புதிதன்று. திருவரங்கத்தில் உள்வாயில்கள் தத்தம் அளவில் நிற்க, புறமதிலின் தெற்கு வாயிலிலே விசயநகர வேந்தர் காலத்தில் தொடங்கி நின்றுபோன கோபுரம் 13 நிலைகளோடு 1987இல் நிறைவெய்தியது. பழையதைப் பெருக்காது, புதியதை வேறிடத்தில் அமைத்தனர்.

இனி லயத்திற்கு வருவோம். சக்கர நாற்காலி ஏறுதற்குரிய சாய்தளத்திற்குப் பொதுவாகக் கொள்ளப்பெறும் அளவு, ஓர் அடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம். ஆறங்குலப் படிகள் மூன்றாயின் ஏற்றம் ஒன்றரை அடி. வேண்டிய நீளம் 18 அடி. மலைச்சரிவை வெட்டி எழுப்பிய லயத்தின் முன்னே அவ்வளவு இடம் ஏது? வாசலுக்கு நேரே நீட்டின் சாய்தளம் கானுக்குள் இறங்கிவிடும். காம்பராதோறும் ஒன்று கட்டினால் முகப்பு முழுவதும் சிமெந்து மேடாகும். ஆனால், லயத்தின் ஒரு கோடியில் நிலம் உயர்ந்திருக்குமாயின், அக்கோடியில் ஒரு குறுகிய சாய்தளம் அமைத்து, அங்கிருந்து இஸ்தோப்பு வழியே எல்லாக் காம்பராக்களுக்கும் செல்லலாம். இதற்கு இஸ்தோப்பு தடுப்பின்றித் திறந்திருத்தல் வேண்டும். பழைய அமைப்பே புதிய தேவைக்கும் வழியாகின்றது. அடைபட்ட இஸ்தோப்பினால் இழந்தது இவ்வழியே. அறை போதாமையைத் தீர்க்காமல் இஸ்தோப்பைத் திறக்கச் சொல்வது நடவாது என்பதையும் மறைத்தற்கில்லை. லயத்தின் பின்புறம் அறை கூட்டித் தந்த பின்னரே முன்புறத்தைத் திறக்கக் கேட்கலாம்.

கதவைப் பற்றிச் சிறிது. சக்கர நாற்காலிக்கு ஏறத்தாழ 32 அங்குல இடைவெளி வேண்டும். பங்களா, வளவு போன்றவற்றின் இரட்டைக் கதவில் ஒரு கதவு திறந்தால் இடம் போதாது. இரண்டையும் திறந்து வைத்தாற் போதும், நிலையைத் தொடவேண்டுவதில்லை. ஒற்றைக் கதவிற்குக் கீலை மாற்றினால் ஓரிரு அங்குலம் கிடைக்கும். உயர்ந்த நிலைப்படிக்கு இருபுறமும் கழற்றத்தக்க மரச்சாய்வு இடலாம். சுண்ணாம்புச் சாந்தாற் கட்டிய சுவரோடு சிமெந்தைப் பிணைப்பதுதான் பெருங்கேடு; ஆண்டுக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரியில், வெளியேற வழியற்ற ஈரம் பழஞ்சுவரை உள்ளிருந்தே அரித்துவிடும்.

எவ்வாயிலைச் சட்டம் காக்கின்றது என்பதும் நோக்கத்தக்கது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் நாளுக்கு முற்பட்டவற்றையே தொல்பொருள் எனக் கொண்டது. கண்டி அரசு வீழ்ந்த அந்நாளே எல்லை. இரத்தினபுரியில் நூதனசாலையாக விளங்கும் எகெலப்பொல வளவு போன்றவை மதிப்புப் பெறுகின்றன. லயங்களோ யாவும் அவ்வெல்லைக்குப் பிற்பட்டவை. வளவின் வாயிலைப் பேணுவோர் பலர். லயத்தின் வாயில் ஓர் இரவில் மறையினும் கேட்பார் இல்லை.

இழிவின் அடையாளத்தை ஏன் காக்கவேண்டும் என்பாரும் உளர். இரத்தினபுரி மகா சமன் தேவாலய வளாகத்தில், சிங்கள வீரன் ஒருவனைப் போர்த்துக்கேயப் படைவீரன் மிதித்து நிற்கும் கற்சிற்பம் இன்றும் உள்ளது. பகைவன் செருக்கைக் காட்டும் அக்கல்லைத் தேவாலயத்தார் எறிந்துவிடவில்லை. கம்பளைப் பகுதியில் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை 2007இல் தொடங்கப்பெற்றதும் பழைய லயமொன்றிலேயே. சப்பிரகமுவத்திலும் மக்கள் புதுவீடு பெற்றுக் குடிபெயரும் தோட்டம் ஒன்றில் இரு காம்பராக்களையேனும் அவ்வாறு நிறுத்தலாம்: ஒன்றன் வாயில் பழைய அளவிலேயே, குனிந்து புகுமாறு இருக்க, அடுத்ததன் வாயில், அங்கு வாழ்ந்து முதிர்ந்தோர் தம் பேரப்பிள்ளைகளோடு சக்கர நாற்காலியில் வந்து காணுமாறு அகலத் திறந்திருக்க.