எடை சரி, வயிறு?

விடியற்காலையில் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிகளில் நடக்கப் போகிறவர்களைக் கவனித்திருக்கிறீர்களா? கையும் காலும் குச்சி மாதிரி, கன்னம் ஒட்டியிருக்கும். வேட்டிக் கட்டுக்கு மேலே வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கும். அப்படிப்பட்ட ஒருவர் 165 செ.மீ. உயரம், 62 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் பி.எம்.ஐ. 22.8. ஆசியர்களுக்கு 23-க்குக் கீழே இருந்தால் சரியான எடை. அவரும் நிம்மதியாக காபி குடிக்கப் போய்விடுவார். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

பயத்துக்குக் காரணம் உண்டு. புனே நகரத்து டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் ஜான் யட்கினும் 2004-ல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. ஒன்றே, 22.3. ஆனால் உடம்பிலிருந்த கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். எடை மெஷினுக்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். நம் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அதுவும் வயிற்றுக்குள் போய்த் தங்குவது அதிகம்.

தொடையிலும் புட்டத்திலும் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அவ்வளவு தொல்லை தராது. குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பு அப்படியில்லை. அங்கிருந்து கசியும் கொழுப்பு அமிலங்கள் நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது, இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகிறது, ட்ரைகிளிசரைடு ஏறுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் இறங்குகிறது. சர்க்கரையும் மாரடைப்பும் ஒரே வீட்டில் அடுத்தடுத்து வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கேரளத்தில் பிறந்த டாக்டர் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் சுமார் 27,000 பேரிடம் நடந்த ஆய்வு 2005-ல் இதையே உறுதிசெய்தது: மாரடைப்பு அபாயத்தைக் காட்டுவதில் பி.எம்.ஐ.யைவிட இடுப்பு, புட்டச் சுற்றளவுகளின் விகிதம் எவ்வளவோ மேல்.

நம் மாநிலத்துக்கு இதில் பெருமைப்படும் பங்கு இருக்கிறது. சென்னையில் டாக்டர் வி.மோகன் குழுவினர் 2005-ல் நீரிழிவு அபாயத்துக்கு ஒரு மதிப்பெண் முறையை வகுத்தார்கள். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம். வயது, உடல் உழைப்பு, அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை உண்டா, வயிற்றுச் சுற்றளவு என்ன என்று நான்கே கேள்விகள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தொட்டால் 10 மதிப்பெண். ஆணுக்கு 100, பெண்ணுக்கு 90 ஆகிவிட்டால் 20. நான்கும் சேர்த்து நூற்றுக்கு 60 வந்தால் உடனே ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். நான்கில் வயதையும் பெற்றோரையும் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நம் கையில்.

அளப்பதில்தான் கோட்டை விடுகிறோம். ‘எனக்கு பேன்ட் 34தான் சார், பத்து வருஷமா அதேதான்’ என்பார்கள். பேன்ட் நிற்பது தொப்பைக்குக் கீழே. பத்து வருஷமாக வளர்ந்தது அதற்கு மேலே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, துணியில்லாமல், தையல் டேப்பைப் படுக்கையாகச் சுற்ற வேண்டும். இயல்பாக மூச்சை விட்ட பிறகு பார்க்க வேண்டும். டேப் பட்டதுமே ஆண்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்கும் மனைவி, ‘ஏங்க, மூச்சை விடுங்க’ என்று சொன்ன பிறகுதான் உண்மை அளவு வரும். அபாய வரம்பு அங்குலத்தில் ஆணுக்கு முப்பத்தைந்தரை, பெண்ணுக்கு முப்பத்தொன்றரை. எண் மறந்துபோனால் உயரத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளலாம். 165 செ.மீ. உயரமானவருக்கு 82-ஐத் தாண்டினாலே கவனிக்க வேண்டும்.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், நாட்டில் பி.எம்.ஐ. கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் 39.5 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பவர்கள்தான் நம் ஒல்லித் தொப்பைக்காரர்கள். பொன்மலையிலும் உறையூரிலும் தில்லைநகரிலும் இவர்கள் இல்லாத தெரு உண்டா? கர்ப்பத்துக்குப் பிறகு வயிறு இறங்கவில்லை என்று புடவைக்குள் மறைத்துக்கொள்ளும் பெண்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். தொற்றா நோய்களுக்கான மத்திய அரசின் படிவத்திலேயே வயிற்றளவுக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அது கண்ணால் பார்த்து உத்தேசமாக நிரப்பும் கட்டமாக ஆகிவிடக் கூடாது. வீடு தேடி வந்து பி.பி., சர்க்கரை பார்க்கும் ஒவ்வொரு பணியாளரின் பையிலும் ஒரு டேப் இருக்க வேண்டும்.

அளவு கூடியிருப்பதாலேயே நோய் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. வெறும் வயிற்றில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அதன் பொருள். பிறகு நடக்க வேண்டும். ‘மூணு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையலை’ என்று அலுத்து நிறுத்திவிடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேகமாக நடக்கும்போது குடலைச் சுற்றிய கொழுப்பு கரைகிறது. எடை இறங்காவிட்டாலும் அது குறையக்கூடும். மெஷினை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே டேப்பால் அளந்து நாட்காட்டியில் எழுதிவையுங்கள். ஒரு செ.மீ. குறைந்திருந்தாலும் நடை வீண்போகவில்லை.