கழிவுப் பொருளில் எழுந்த கலைநகர்

உடைந்த கோப்பையையும் ஒடிந்த காப்பையும் எவரும் வீட்டினுள் போற்றி வைப்பதில்லை. உடைந்தது உதவாது என்பதே உலக வழக்கு. ஆயினும் சற்றே சிந்தித்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரு பொருள் உடையும்போது அது செய்துவந்த தொழில் அழிகின்றதேயன்றி, அதன் நிறமும் வழவழப்பும் உறுதியும் அழிந்துபோவதில்லை. தேநீர் ஏந்த முடியாத பீங்கான் ஓடு வெயிலில் மின்னும் ஆற்றலை இழந்துவிடுவதில்லை. இந்தச் சிறிய உண்மையைக் கைப்பிடியாகக் கொண்டு, அரைநூற்றாண்டுக்கு மேல் உழைத்து, ஒரு சிற்ப நகரத்தையே அமைத்த மனிதர் ஒருவர் வட இந்தியாவில் வாழ்ந்தார். அவர் பெயர் நேக் சந்த் சைனி. சிற்பக் கல்லூரி எதிலும் அவர் பயின்றவரல்லர். தெரு வேலைகளை மேற்பார்வை செய்யும் ஓவசியர் உத்தியோகமே அவருடைய பிழைப்பாக இருந்தது.

நேக் சந்த் 1924ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் பஞ்சாப் மாகாணத்தின் பேரியான் கலான் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஆற்று மணலும் ஓடைக் கற்களும் அவருடைய இளமைக்கால விளையாட்டுப் பொருள்கள். அரசர்களையும் அரசிகளையும் தேவதைகளையும் பற்றித் தாயார் சொன்ன கதைகள் அவர் நெஞ்சில் பதிந்தன. 1947ஆம் ஆண்டில் இந்தியா இரண்டாகப் பிரிந்தபோது அவ்வூர் பாகிஸ்தானின் பக்கம் போயிற்று. வீட்டையும் வயலையும் விட்டுப் புதிய எல்லையைக் கடந்துவந்த இலட்சக்கணக்கான மக்களுள் அவர் குடும்பமும் ஒன்று. ஊரை இழந்தவன் ஊரின் நினைவை இழப்பதில்லை. பின்னாளில் அவர் படைத்தவற்றைப் புரிந்துகொள்வதற்கு இந்தச் செய்தி இன்றியமையாதது.

பிரிவினையால் பஞ்சாப்பின் பழைய தலைநகரான லாகூரும் பாகிஸ்தானுக்குச் சென்றுவிட்டது. ஆகவே இந்தியப் பஞ்சாப்புக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. சிவாலிக் மலைத்தொடரின் அடிவாரத்தில் சண்டிகர் என்னும் நகரை எழுப்பத் தீர்மானித்தனர். அதனைத் திட்டமிடும் பொறுப்பு 1951ஆம் ஆண்டில், பிரான்சில் வாழ்ந்த உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கொர்புசியேயிடம் ஒப்படைக்கப்பட்டது. நேர்கோடாக ஓடும் வீதிகள், சதுரஞ் சதுரமாய் வகுத்த குடியிருப்புகள், பூச்சில்லாத கொங்கிறீற்றுக் கட்டடங்கள் என அந்நகர் கணக்கும் ஒழுங்குமாக வளர்ந்தது. அந்த நிர்மாண வேலையிலேயே நேக் சந்துக்கும் தெரு ஓவசியராக இடம் கிடைத்தது.

புதுநகர் எழ வேண்டுமாயின் பழைய ஊர்கள் அகல வேண்டியிருந்தது. இருபதுக்கு மேற்பட்ட கிராமங்கள் இடிக்கப்பட்டன. இடிந்த வீடுகளிலிருந்து மட்பாண்டங்களும் ஓடுகளும் கந்தைகளும் காப்புத் துண்டுகளும் குவியல் குவியலாய்க் கிடந்தன. புதிய வேலைத்தலங்களிலோ உடைந்த சலவைத் தொட்டிகள், பீங்கான் மின்சாதனங்கள், தார்ப் பீப்பாக்கள், வளைந்த இரும்புக் கம்பிகள் ஆகியவை ஒதுக்கப்பட்டுக் கிடந்தன. ஒருபுறம் அழிந்த ஊரின் எச்சம்; மறுபுறம் பிறக்கும் ஊரின் கழிவு. இரண்டையும் ஒருங்கே கண்டவர் நேக் சந்த். ஏறத்தாழ 1958ஆம் ஆண்டு முதல் அவற்றைச் சேகரிக்கத் தொடங்கினார். வேலை முடிந்ததும் துவிச்சக்கர வண்டியில் ஆற்றுப் படுகைகளுக்கும் மலையடிவாரத்துக்கும் சென்று, விலங்கைப் போலவும் பறவையைப் போலவும் மனிதரைப் போலவும் தோற்றமளித்த கற்களைப் பொறுக்கிவந்தார். ஏழாண்டு காலம் சேகரிப்பிலேயே கழிந்தது. 1965ஆம் ஆண்டளவில்தான் அவர் கட்டத் தொடங்கினார்.

அவர் தேர்ந்த இடம் நகரின் வடபுறத்தே, சுக்னா ஏரிக்கு அண்மையில் புதர் மண்டிக் கிடந்த பள்ளம். அஃது அரசாங்க நிலம்; கட்டடம் எதுவும் எழுப்பலாகாது எனத் தடுக்கப்பட்ட நிலம். அங்கே ஒரு செங்கல்லை அடுக்குவதும் சட்டப்படி குற்றமேயாகும். அதிலும் அரசாங்க ஊழியர் ஒருவர் அதைச் செய்வாராயின் உத்தியோகமே பறிபோகக்கூடும். இதனை நன்கறிந்தே, பகலில் கடமையைச் செய்து, மாலையிலும் இரவிலும் இவ்வேலையில் ஈடுபட்டார். பழைய ரயர்களை எரித்து அந்த வெளிச்சத்தில் வேலை செய்த இரவுகளும் உண்டு. மனைவியும் நெருங்கிய சிலரும் தவிர வேறெவரும் நெடுங்காலம் இதனை அறியவில்லை. விலைபேச ஒருவர் இல்லை. பாராட்ட ஒருவர் இல்லை. பார்ப்பதற்கேனும் ஒருவர் இல்லை. அவ்வாறிருந்தும் வேலை தளராமல் நடந்தது.

இனி, அவருடைய தொழில்முறையைச் சற்று விரிவாக நோக்குவோம்.

கழிவுப் பொருளை ஒட்டவைத்தால் சிற்பமாகிவிடும் என்று எண்ணுவது தவறு. ஒவ்வோர் உருவத்துக்கும் முதலில் எலும்புக்கூடு வேண்டும். பழைய துவிச்சக்கர வண்டியின் சட்டங்களையும் கைபிடிகளையும், குழாய்த் துண்டுகளையும், கட்டட வேலையில் எஞ்சிய கம்பிகளையும் வளைத்துப் பிணைத்து அவர் அதனை அமைப்பார். வண்டியின் முன்கவை கால்களாகும். இருக்கை விலங்கின் தலையாகும். அடுத்தது தசை. கற்களையும் உடைசல்களையும் உள்ளே இட்டு, மணலும் சீமெந்தும் கலந்த சாந்தை அக்கூட்டின்மேல் அப்பி, உடலுக்குப் பருமன் கொடுப்பார். இறுதியாக வருவது தோல். சிலவற்றுக்கு வெறுஞ் சீமெந்துப் பூச்சையே மெருகேற்றித் தோலாக்கினார். வேறு சிலவற்றுக்குச் சாந்தின் ஈரம் உலர்வதற்கு முன்னரே உடைந்த காப்புகளையும் பீங்கான் சில்லுகளையும் நெருக்க நெருக்கமாகப் பதித்தார்.

இம்மூன்றாம் கட்டமே கைத்திறனைச் சோதிப்பது. சாந்து மிகையாய் நெகிழ்ந்திருந்தால் சில்லு வழுகி விழும். மிகையாய் இறுகியிருந்தால் பிடிக்காது. சில்லுகளுக்கிடையே இடைவெளி விட்டால் மழைநீர் உட்புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். சீமெந்து இறுகும் நாட்களில் ஈரம் வற்றாமலும் காத்தல் வேண்டும். இவை யாவும் ஏட்டில் கற்றவையல்ல. தெருவும் மதகும் அமைக்கும் வேலையில் கண்ணாலும் கையாலும் கற்றவை. ஆதலின் அவருடைய உத்தியோகத்தையும் கலையையும் வேறு வேறாகப் பிரித்தல் இயலாது. அந்த உத்தியோகமே இந்தக் கலையின் பள்ளிக்கூடம்.

பொருளுக்கேற்ற பயனைக் காண்பதிலும் அவர் வல்லவர். கண்ணாடிக் காப்புத் துண்டுகள் நடன மாதரின் பாவாடைகளாக மாறின. வெண்பீங்கான் சில்லுகள் விலங்குகளின் உடலை மூடின. மின்சாரப் பீங்கான்கள் வரிசை வரிசையாய் அடுக்கப்பட்டுச் சுவர்களாயின. உலையில் அளவுக்கு மீறி வெந்து உருக்குலைந்த செங்கற்களையும், இரும்பாலைகளில் எஞ்சும் கசடுகளையும் அவர் ஒதுக்கவில்லை. தார்ப் பீப்பாக்கள் வார்ப்பச்சாயின. பிற்காலத்தில் கந்தைத் துணிகளைக் கம்பிக்கூட்டில் சுற்றி ஆளுயரப் பொம்மைகளையும் செய்தார். பொருளை முதலில் பார்த்து, அதற்குள் உறங்கும் உருவத்தைப் பின்னர் காண்பதே அவருடைய வழி.

1970களின் முற்பகுதியில், புதரை வெட்டித் துப்புரவு செய்யவந்த அரசாங்க வேலையாட்கள் இந்த விந்தையைக் கண்டு திகைத்து நின்றனர். ஏறத்தாழ 12 ஏக்கர் நிலத்தில் முற்றங்களும் பாதைகளும் பல நூறு உருவங்களும் நிறைந்திருந்தன. அதிகாரிகளுக்கு அது பெரும் தர்மசங்கடமாயிற்று. சட்டத்தின்படி இடித்தல் வேண்டும். மனச்சாட்சியின்படி காத்தல் வேண்டும். செய்தி ஊரெங்கும் பரவ, மக்கள் திரள் திரளாக வந்தனர். இறுதியில் நகர நிர்வாகம் காப்பதென்றே முடிவு செய்தது. 1976ஆம் ஆண்டில் அவ்விடம் ‘ராக் கார்டன்’, அதாவது பாறைப் பூங்கா, என்னும் பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அதனை அமைத்தவருக்குச் சம்பளமும், முழுநேரமும் அங்கேயே பணியாற்றும் பதவியும், ஐம்பது தொழிலாளரும் வழங்கப்பட்டனர். எந்தச் சட்டத்தை மீறினாரோ அந்தச் சட்டத்தின் அதிபதியே அவரைப் பணிக்கு அமர்த்தியது வியப்பிற்குரியதன்றோ!

அன்றுமுதல் தனிமனிதனின் தவம் ஒரு பட்டறையின் தொழிலாக மாறிற்று. நகரெங்கும் கழிவுப் பொருள் சேகரிக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. உணவுச்சாலைகளில் உடைந்த கோப்பைகளும் தட்டுகளும் குப்பைக்குச் செல்லாமல் பூங்காவுக்கு வந்தன. தொழிலாளர் கம்பி வளைத்தனர், சாந்து குழைத்தனர், சில்லு பதித்தனர். முகத்தை வடிப்பதையோ தம் கையிலேயே வைத்துக்கொண்டார். ஒரே வகை உருவங்கள் அணியணியாக நின்றபோதும் ஒரு முகம் மற்றொன்றாய் இராமைக்குக் காரணம் இதுவே.

இன்று அப்பூங்கா 25 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், மூன்று பகுதிகளாக விரிந்து கிடக்கின்றது. முதற்பகுதியில் அவர் ஆற்றிலிருந்து கொணர்ந்த இயற்கைக் கற்கள் வீற்றிருக்கின்றன. இரண்டாம் பகுதியில் குடமேந்திய பெண்கள், இசைவாணர், ஆடுமகளிர், குரங்குகள், கரடிகள், பறவைகள் என்பன கூட்டங்கூட்டமாய் நிற்கின்றன. மூன்றாம் பகுதியில் உயர்ந்த வளைவுகளும், அவற்றிலே தொங்கும் ஊஞ்சல்களும், பரந்த முற்றங்களும் உண்டு. இடையிடையே அருவிகள் வீழ்கின்றன. வாயில்கள் பல மிகத் தாழ்வானவை. உள்ளே செல்பவர் எவராயினும் தலைகுனிந்தே செல்லல் வேண்டும். கதையில் வரும் அரசனின் அவைக்குள் நுழைவோர் வணங்கி நுழைவதுபோல அஃது அமைந்திருக்கின்றது.

ஈண்டு ஓர் ஒப்புமை கருதத்தக்கது. லெ கொர்புசியே அமைத்த நகரும் கொங்கிறீற்றால் ஆனது. நேக் சந்தின் பூங்காவும் கொங்கிறீற்றால் ஆனது. முன்னதிலே நேர்கோடு ஆட்சி செய்கின்றது. பின்னதிலே நேர்கோட்டைக் காண்பதே அரிது. முன்னது வரைபடத்திலிருந்து பிறந்தது. பின்னது நினைவிலிருந்து பிறந்தது. இடிக்கப்பட்ட கிராமங்களின் சட்டியும் ஓடும் காப்பும் அந்தப் புதிய நகரத்தின் மத்தியிலேயே, வேறொரு கிராமமாக மீண்டும் எழுந்து நிற்கின்றன.

புகழும் அவரைத் தேடிவந்தது. 1983இல் இந்திய அஞ்சல் துறை இப்பூங்காவைப் பொறித்து முத்திரை வெளியிட்டது. 1984இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் சிறுவர் அரும்பொருட்சாலை ஒன்றுக்காக 1980களில் ஒரு பூங்காவை அமைத்துக் கொடுத்தார்.

ஆனால் புகழ் மட்டும் ஒரு கலைப்படைப்பைக் காப்பதில்லை. 1990ஆம் ஆண்டளவில் பூங்காவின் ஒரு பகுதியை அழித்துத் தெரு அமைக்க மண்வாரி இயந்திரங்கள் வந்தன. அப்பொழுது நகர மக்கள் கைகோத்து அரணாக நின்று தடுத்தனர். 1996இல் அவர் வெளிநாடு சென்றிருந்த வேளையில் உருவங்கள் பல சிதைக்கப்பட்டன. நிர்வாகம் தொழிலாளரையும் விலக்கிக்கொண்டது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் அவர் பெயரால் ஓர் அறநிலையம் தோன்றியது. அதன் வழியே பல நாட்டுத் தொண்டர்கள் வந்து திருத்தப் பணியில் உதவினர். 2015ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் திகதி, தமது தொண்ணூறாவது வயதில் நேக் சந்த் காலமானார். அவர் மறைந்து பத்தாண்டும் நிறைவதற்குள், 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில், அயலிலுள்ள உயர்நீதிமன்றத்துக்குச் செல்லும் தெருவை அகலமாக்கவும் வாகனங்களை நிறுத்தவும் இடம் வேண்டுமெனப் பூங்காவின் சுவரில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. ஊரார் பலர் கண்டித்தனர். எனினும் சுவர் வீழ்ந்தது.

இந்நிகழ்ச்சி சிந்தனைக்குரிய வினா ஒன்றை எழுப்புகின்றது. பழங்கோயிலின் கல் ஒன்று பெயர்ந்தால் அதன் அருமையை எல்லோரும் உணர்வர். பொன்னால் ஆன சிலைக்குக் காவல் வைக்க எவரும் தயங்கார். குப்பையால் ஆன சுவருக்கோ அந்த மதிப்பு எளிதில் கிட்டுவதில்லை. குப்பைதானே என்ற எண்ணம் அதிகாரத்திலுள்ளோர் நெஞ்சில் எங்கோ ஒரு மூலையில் தங்கிவிடுகின்றது. மேலும், காப்பும் பீங்கானும் பதித்த உருவம் ஓயாத பராமரிப்பை வேண்டுவது. ஒரு சில்லு கழன்றால் அதன் வழியே நீர் புகும். நீர் புகுந்தால் உள்ளிருக்கும் இரும்பு துருவேறிப் பருக்கும். இரும்பு பருத்தால் சீமெந்து வெடிக்கும். ஆகவே கைதேர்ந்த வேலையாட்களைத் தொடர்ந்து பயிற்றுவித்தாலன்றி இத்தகைய கலை நிலைத்தல் அரிது. கலைஞனின் வாழ்நாளுக்குப் பின்னரும் அவனுடைய கைப்பழக்கம் வாழ வேண்டும் என்பதே இதன் பொருள்.

கழிவுப் பொருட்களைக் கொண்டு தொழில் செய்வோர் இன்று உலகெங்கும் உள்ளனர். அவர்களுக்கெல்லாம் நேக் சந்தின் வாழ்க்கை ஒரு பாடப் புத்தகம் போன்றது. பொருள் கிடைக்கவில்லை என்று அவர் காத்திருக்கவில்லை. காலடியில் கிடந்ததை எடுத்தார். கற்பிக்க ஆளில்லை என்று வருந்தவில்லை; செய்துவந்த தொழிலிலிருந்தே கற்றுக்கொண்டார். காண்போர் இல்லையென்று கைவிடவில்லை, இருளிலும் செய்தார். அவர் சேகரித்த ஏழாண்டுகளில் ஒருநாளேனும் ஒரு சிற்பத்தை எவரிடமும் காட்டியிருக்க முடியாது. காட்டுவதற்கு அவரிடம் இருந்தவை கற்குவியலும் ஓட்டுக்குவியலுமே. அந்தக் குவியலுக்குள் நகரைக் கண்டவர் அவர் ஒருவரே. மற்றவர்கள் கண்டது கட்டி முடித்த பின்னர்தான்.