கையில் டிக்கெட், பையில் ரசீது: திருநள்ளாறிலிருந்து தஞ்சை அரண்மனைக்கு ஒரு நாள்

திருநள்ளாறுக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்ல ஊரே இருக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் ஒரு நாள் வெளியே கிளம்பினால் மட்டும், பத்துப் பேர் சேர்ந்து வேன் பிடிப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனையை ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம் என்று சொன்னால், "வண்டி நேரத்துக்கு வருமா? பொம்பளைங்க கூட்டத்துல எப்படி ஏறுறது? ஏதாவது ஆச்சுன்னா யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று கேட்கிறார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள். மூன்றுக்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது.

வேனில் போனால் பொறுப்பேற்க ஒரு ஓட்டுநரோ ஏற்பாட்டாளரோ இருப்பார். தனியாகப் போகிறவருக்கு டிக்கெட்டும் ரசீதும்தான் ஆதாரம். குறைந்த விலை டிக்கெட்டுதானே என்று அதைக் கசக்கி எறிகிறவர்கள், தங்கள் உரிமையையும் சேர்த்தே எறிகிறார்கள்.

எந்த நாள், எந்தத் தடம்

1898இல் திறக்கப்பட்ட பேரளம் – காரைக்கால் மீட்டர் கேஜ் பாதை திருநள்ளாறு வழியாகத்தான் ஓடியது. 1987இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது அதே தடத்தில் அகலப் பாதை மறுபடி போடப்பட்டிருக்கிறது. ஆனாலும் தஞ்சாவூர் போக நன்கு பழகிய வழி, ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள காரைக்கால் போய் ரயிலேறுவதுதான். நாகூர், நாகப்பட்டினம், கீழ்வேளூர், திருவாரூர், கொரடாச்சேரி, நீடாமங்கலம், சாலியமங்கலம், தஞ்சாவூர் என்று டெல்டாவின் குறுக்கே போகும் பாதை அது. நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் பஸ்ஸில் உட்கார்ந்து வெந்து போனவர்களுக்கு, இந்த வழியின் அருமையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வண்டி நேரங்கள் மாறுகின்றன. தண்டவாளப் பராமரிப்பு என்று சில நாட்கள் பாதி வழியில் நிறுத்தியும் விடுகிறார்கள். முந்தைய நாள் இரவே 139க்குப் போன் செய்தோ, ரயில்வேயின் அதிகாரபூர்வமான என்டிஇஎஸ் செயலியிலோ பார்த்துவிடுங்கள். போகும் வண்டியைவிடத் திரும்பும் கடைசி வண்டிதான் முக்கியம். அதன் நேரத்தையும், அது தவறினால் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் வழியாகவோ திருவாரூர் வழியாகவோ கிடைக்கும் பஸ்ஸையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும்.

சனிக்கிழமையைத் தவிருங்கள். நம் ஊருக்கு வரும் கூட்டத்தை எதிர்கொண்டு போய்த் திரும்புவது வயதானவர்களுக்குச் சிரமம். புதன்கிழமையும் வேண்டாம். அரண்மனை வளாகத்தில் பார்த்தே ஆகவேண்டிய சரஸ்வதி மகால் நூலகத்துக்கு அன்று வார விடுமுறை.

டிக்கெட்டில் உள்ள சூட்சுமங்கள்

இந்தத் தூரத்துக்குப் பெரும்பாலோர் வாங்குவது முன்பதிவில்லாத டிக்கெட். 199 கிலோமீட்டர் வரையிலான முன்பதிவில்லாத டிக்கெட்டுக்கு ஒரு கெடு உண்டு. கொடுத்த நேரத்திலிருந்து 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். அதற்குள் வண்டியே இல்லையென்றால், அடுத்துப் புறப்படும் முதல் வண்டி வரை செல்லும். 2016 முதல் இதுதான் விதி. காலையிலேயே கவுன்ட்டரில் கூட்டமில்லை என்று மாலை வண்டிக்கு வாங்கி வைத்தால், மாலையில் அது வெறும் தாள். திரும்பி வருவதற்கான டிக்கெட்டை மாலையில் தஞ்சாவூரில்தான் வாங்க வேண்டும். அங்கே வரிசை நீளமாக இருக்கும் என்பதால் அரை மணி நேரம் முன்னதாகவே நிலையத்துக்கு வந்துவிடுங்கள்.

அடுத்தது, பாசஞ்சர் டிக்கெட்டா எக்ஸ்பிரஸ் டிக்கெட்டா என்பது. இரண்டுக்கும் கட்டணம் வேறு. பாசஞ்சருக்கு வாங்கிய டிக்கெட்டோடு, முதலில் வந்த எக்ஸ்பிரஸில் ஏறுவது நம்மூர்களில் சாதாரணமாக நடக்கிறது. மாட்டினால் வித்தியாசத் தொகையோடு கூடுதல் கட்டணமும் கட்ட வேண்டும். அந்தக் கூடுதல் கட்டணம் குறைந்தது 250 ரூபாய். கவுன்ட்டரில் "தஞ்சாவூர் ஒண்ணு" என்று மட்டும் சொல்லாமல், எந்த வண்டிக்கு என்று சேர்த்துச் சொல்லி, கையில் வாங்கியதும் அதில் அச்சாகியிருப்பதைப் படித்துப் பாருங்கள்.

வரிசை நகரவில்லை, வண்டி வந்துவிட்டது, டிக்கெட் இல்லை. அப்போது ஓடிப்போய் ஏறிவிட்டு, பரிசோதகர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். ரயில்வே சட்டம் 1989, பிரிவு 55 ஒரு வழி தருகிறது. ஏறும் முன்பே கார்டிடமோ டிக்கெட் பரிசோதகரிடமோ சொல்லி அனுமதி கேளுங்கள். அவர் அனுமதித்து எழுதிக் கொடுத்தால், கட்டணம் மட்டும் செலுத்தினால் போதும், அபராதம் இல்லை. அந்தச் சான்றில்லாமல் பிடிபட்டால் கட்டணத்தோடு கூடுதல் கட்டணமும் சேரும். ஏமாற்றும் நோக்கம் என்று கருதப்பட்டால் பிரிவு 137இன்படி 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எந்தத் தொகை கட்டினாலும் அச்சிட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது தராமல் கேட்கப்படும் பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை.

செல்போனில் ரயில்ஒன் செயலி வழியாக எடுக்கும் டிக்கெட்டைச் செயலியைத் திறந்தே காட்ட வேண்டும், ஸ்கிரீன்ஷாட் செல்லாது. பிள்ளை அனுப்பிய படத்தை நம்பி ஏறிய பெரியவர்கள் தலைகுனிந்து அபராதம் கட்ட நேர்வது வருத்தமானது. போன் பழக்கம் இல்லாதவருக்கு கவுன்ட்டர் டிக்கெட்டே நல்லது.

குழந்தைகளுக்கு 5 வயது நிறையும் வரை கட்டணம் இல்லை. 5 முதல் 12 வயதுக்குள் முன்பதிவில்லாத பெட்டியில் அரை டிக்கெட். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, பழைய நினைவில் குறைந்த தொகையோடு போக வேண்டாம். வாங்கிய டிக்கெட்டை 3 மணி நேரத்துக்குள் கவுன்ட்டரில் ரத்து செய்யலாம், ஆளுக்கு 30 ரூபாய் கழிப்பார்கள். குறுந்தூர டிக்கெட்டில் அதற்குப் பிறகு எதுவும் மிஞ்சாது. வெள்ளம், விபத்து போன்ற காரணங்களால் ரயில்வேயே வண்டியை ரத்து செய்தால் முழுத் தொகையும் உங்களுடையது, மூன்று நாட்களுக்குள் கேட்க வேண்டும்.

வண்டிக்குள்

ஒவ்வொரு பயணிகள் வண்டியிலும் பெண்களுக்கென இடம் ஒதுக்க வேண்டும் என்பது பிரிவு 58. அந்தப் பெட்டியில் ஆண்கள் ஏறுவது குற்றம். "கொஞ்ச தூரம்தானே தம்பி, நின்னுட்டுப் போ" என்று நாமே விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தான் அந்த இடம் பறிபோகிறது. 139க்கு அழைத்தால் ரயில்வே பாதுகாப்புப் படைக்குத் தகவல் போகும். இன்னொரு பாதுகாப்பு பலருக்குத் தெரியாது. துணைக்கு ஆண் இல்லாத பெண்ணையோ குழந்தையையோ, டிக்கெட் இல்லை என்ற காரணத்துக்காகக்கூட, கண்ட நிலையத்தில் இறக்கிவிட முடியாது. ஏறிய நிலையத்திலோ, ஜங்ஷனிலோ, வண்டி முடியும் இடத்திலோ, மாவட்டத் தலைநகர நிலையத்திலோதான் இறக்கலாம், அதுவும் பகலில் மட்டும். பிரிவு 139 இதைச் சொல்கிறது.

திருட்டு விஷயத்தில் சட்டம் பயணிக்கு அவ்வளவு சாதகமாக இல்லை. புக் செய்து ரசீது பெறாத சாமான் தொலைந்தால், ரயில்வே ஊழியரின் கவனக்குறைவை நிரூபித்தால்தான் இழப்பீடு. ரயிலில் பயணியின் பணம் திருடுபோனதை ரயில்வேயின் சேவைக் குறைபாடாகக் கொள்ள முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஒரு நாள் பயணத்துக்கு நகை எதற்கு? ஒரு தோள்பை, தண்ணீர் பாட்டில், அடையாள அட்டை, இரண்டு இடங்களில் பிரித்து வைத்த பணம் போதும்.

திருடு போனாலோ, யாரேனும் தொந்தரவு செய்தாலோ, "இது எங்க எல்லை இல்லை" என்ற பதில் நம் பகுதிக்காரர்களுக்கு அதிகம் கிடைக்கக்கூடியது. காரைக்காலில் ஏறும்போது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம், நாகூரில் தமிழ்நாடு. எல்லை எதுவானாலும் புகாரைப் பதிய வேண்டும் என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பிரிவு 173. இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள். அடுத்து இறங்கும் நிலையத்தின் ரயில்வே போலீஸிடமோ, ஊர் திரும்பிய பிறகு நம் காவல் நிலையத்திலோ கொடுக்கலாம். எஃப்ஐஆர் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம்.

எல்லாவற்றிலும் கனமான விஷயம் விபத்து. ஓடும் வண்டியில் ஏறுவதும் படிக்கட்டில் தொங்குவதும் உயிரைக் கொண்டுபோகும். நீடாமங்கலத்தில் டீ குடிக்க இறங்கி, நகர்ந்துவிட்ட வண்டியை ஓடிப் பிடிக்காதீர்கள். அப்படியும் ஒருவர் தவறி விழுந்துவிட்டால், "அவர் தப்புதானே, நமக்கென்ன கிடைக்கும்" என்று குடும்பம் ஒதுங்கிவிடக் கூடாது. ரயில்வே சட்டத்தின் பிரிவு 124ஏ, யார் தவறு என்று பார்க்காமல் இழப்பீடு தரச் சொல்கிறது. தற்கொலை, தானே வரவழைத்த காயம், குடிபோதை, குற்றச்செயல், நோய் போன்றவை மட்டுமே விலக்கு. ஏறும்போதும் இறங்கும்போதும் கவனக்குறைவாக விழுந்ததைத் தானே வரவழைத்த காயமாகக் கருத முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இறந்தவரிடம் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் மனுவைத் தள்ளவும் முடியாது. ஆனால் அவர் முறையான பயணி என்று குடும்பம் முதலில் பிரமாணப் பத்திரம் தர வேண்டியிருக்கும். டிக்கெட் இருந்தால் அந்தப் பாடு குறையும். 2017 முதல் உயிரிழப்புக்கான இழப்பீடு 8 லட்சம் ரூபாய். ரயில்வே உரிமைக்கோரல் தீர்ப்பாயத்தின் அமர்வு சென்னையில் இருக்கிறது. ஓராண்டுக்குள் மனு செய்ய வேண்டும், வழக்கறிஞர் வைப்பது கட்டாயமில்லை. துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டு தெரியாமலே ஓடிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்களாவது இதை நினைவுபடுத்துங்கள்.

அரண்மனையில்

தஞ்சாவூர் ஜங்ஷனிலிருந்து அரண்மனை இரண்டு கிலோமீட்டர் போல. டவுன் பஸ்ஸில் போகலாம். ஆட்டோ என்றால் ஏறும் முன்பே தொகையைப் பேசி, "மொத்தமாவா, ஆளுக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, மராட்டியர்கள் 1855 வரை இருந்து ஆண்ட வளாகம் இது. தர்பார் மண்டபம், மணிக்கோபுரம், 1951இல் தொடங்கிய கலைக்கூடம் என்று பல பகுதிகள். 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி பெருக்கிய நூலகத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகள் இருக்கின்றன. கண் நோயாளிகளின் விவரங்களைப் படங்களோடு பதிந்து வைத்த அவர் காலத்து ஏடுகளும் அங்குண்டு. கலைக்கூடத்துச் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கு மட்டுமே ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். அவசரப்பட்டுப் பார்த்துத் திரும்பினால் ஏன் போனோம் என்றாகிவிடும்.

எல்லாப் பகுதியும் ஒரே நிர்வாகம் இல்லை, ஆகவே ஒரே டிக்கெட்டில் எல்லாம் அடங்காது. முதல் கவுன்ட்டரிலேயே, "இதுல எதெல்லாம் பார்க்கலாம், கேமராவுக்குத் தனியா காசா?" என்று கேளுங்கள். வழிகாட்டி வேண்டுமென்றால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்த்து, தொகையைப் பேசி முடித்த பிறகு நடக்கத் தொடங்குங்கள்.

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் தலையாட்டி பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. தங்கத்தாள் ஒட்டியது என்று சொல்லிப் பளபளக்கும் அச்சுத்தாளை விற்றால், அது நுகர்வோரை ஏமாற்றும் செயல். "தங்கத்தாள்" என்று பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். பழைய சிலை, பழைய சுவடி என்று யாராவது தனியாகக் காட்டினால் விலையே கேட்க வேண்டாம். 100 ஆண்டு தாண்டிய சிலையும் 75 ஆண்டு தாண்டிய சுவடியும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. வாங்கியவரும் விசாரணைக்குப் போய் நிற்க நேரும்.

குறை இருந்தால்

வண்டி தாமதம், அழுக்குக் கழிப்பறை, தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் கேட்பது, இவை எல்லாவற்றுக்கும் முதல் கதவு 139, அல்லது ரயில் மதத் இணையதளம். ஒரு லிட்டர் ரயில் நீர் 2025 செப்டம்பர் 22 முதல் 14 ரூபாய். புகார் செய்தால் ஒரு எண் வரும், அதைக் குறித்து வையுங்கள்.

தாமதத்தால் உண்மையான இழப்பு ஏற்பட்டால் அதற்கும் வழி உண்டு. அஜ்மீர் – ஜம்மு எக்ஸ்பிரஸ் நான்கு மணி நேரம் தாமதமானதால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட ஒரு பயணிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்று ரயில்வேதான் நிரூபிக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

கடைக்காரர், வழிகாட்டி, ரயில்வே என்று சேவைக் குறைபாடு யாருடையதானாலும், முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்லலாம். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். சம்பவம் தஞ்சாவூரில் நடந்தது என்பதற்காக வழக்குக்கு அங்கே அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே மனு செய்யலாம், இணையம் வழியாகவும் அனுப்பலாம். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. டிக்கெட், பில், 139 தந்த புகார் எண் இவற்றின் நகலை மனுவோடு இணைத்தால் போதும்.