தேடுசொல்லும் தனியுரிமையும்

நாம் இணையத்தில் இடும் தேடுசொற்கள் நம் நோயையும் அச்சத்தையும் விருப்பத்தையும் வெளிக்காட்ட வல்லவை. 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனம் ஏறத்தாழ ஆறரை இலட்சம் பயனர்களின் தேடல் பதிவுகளை ஆய்வுக்கென வெளியிட்டது. பெயர்களை நீக்கி எண்களையே இட்டிருந்தது. ஆயினும், சில நாள்களிலேயே செய்தியாளர்கள் ஓர் எண்ணுக்குரிய பெண்மணியை அவர்தம் தேடுசொற்களைக் கொண்டே அடையாளம் கண்டனர். பெயரை மறைத்தல் போதாது. பதிவையே சேமியாதிருத்தல் வேண்டும்.

2008இல் தொடங்கப்பட்ட டக்டக்கோ, பயனரின் தேடல் வரலாற்றைச் சேமிப்பதில்லை என உறுதி கூறுகிறது. தேடும் சொல்லுக்கேற்ற விளம்பரங்களைக் காட்டியே வருவாய் ஈட்டுகிறது. எனினும், அதன் முடிவுகளுள் பெரும்பகுதி மைக்ரோசாப்ட்டின் பிங் தருபவை. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ், நம் இணைய முகவரியை மறைத்துக் கூகுள் முதலியவற்றின் முடிவுகளைப் பெற்றுத் தருகிறது. ஆக, பொறியின் பெயர் மாறினும் ஊற்று மாறாதிருக்கலாம். வலைப்பக்கங்களைத் தாமே திரட்டி அட்டவணைப்படுத்தும் பொறிகள் சிலவே. இங்கிலாந்தின் மோஜீக் அவற்றுள் ஒன்று. ஒன்றில் அகப்படாத பக்கம் மற்றொன்றில் கிட்டுவது பெரும்பாலும் இவ்வட்டவணை வேறுபாட்டால்தான்.

எப்பொறியைத் தேர்ந்தாலும், முடிவைச் சொடுக்கியபின் நாம் சென்றடையும் தளம் நம்மைக் கண்காணிப்பதை அத்தேர்வு மட்டுமே தடுத்துவிடாது.