தொண்டு நிறுவனக் கடை

தொண்டு நிறுவனக் கடை என்பது பொதுமக்கள் நன்கொடையாக அளிக்கும் பழைய உடைகள், நூல்கள், வீட்டுப் பொருட்கள் ஆகியவற்றை விற்று, வருவாயைத் தொண்டுப் பணிகளுக்குச் செலவிடும் கடையாகும். பிரித்தானியாவின் கடைத்தெருக்களில் இவை பரவலாகக் காணப்படுகின்றன. 1942இல் ஆக்சுபோர்டில் பஞ்ச நிவாரணத்திற்காகத் தொடங்கப்பட்ட ஆக்சுபாம் அமைப்பு, 1940களின் இறுதியில் அந்நகரின் பிராட் தெருவில் திறந்த கடை இவற்றுள் புகழ்பெற்றது.

விலை குறைவதற்கான காரணங்கள்

பொருட்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பணிபுரிவோரில் பலர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள். இங்கிலாந்தில் இக்கடைகளுக்கு வணிகக் கட்டட வரியில் 80% சலுகை உண்டு. நன்கொடைப் பொருட்களின் விற்பனைக்கு மதிப்புக் கூட்டு வரியும் இல்லை.

உடைகளைத் தேர்ந்தெடுத்தல்

ஓர் உடை பெரும்பாலும் ஒரே ஒரு அளவில்தான் இருக்கும். என்ன வரும் என்பதும் முன்கூட்டியே தெரியாது. எனவே அடிக்கடி சென்று பார்ப்பவருக்கே நல்ல உடைகள் கிடைக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அளவு மாறுவதால், அளவுச் சீட்டை மட்டும் நம்பாமல் அணிந்து பார்ப்பது நல்லது. கழுத்துப்பட்டை, அக்குள், தையல், ஜிப் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். கம்பளி உடையை வெளிச்சத்தில் பிடித்தால் பூச்சி அரித்த துளைகள் தெரியும். அறுந்த பொத்தானை எளிதில் தைத்துவிடலாம். நைந்த துணியைச் சீராக்குவது கடினம்.

விற்காத உடைகள்

விற்பனையாகாத உடைகள் பெரும்பாலும் எடைக்கணக்கில் வணிகர்களிடம் விற்கப்பட்டு, கானா போன்ற நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. பயன்படுத்த முடியாதவற்றை அகற்றும் செலவு தொண்டு நிறுவனத்தையே சேரும். ஆகவே கிழிந்த, கறை படிந்த உடைகளைக் கொடுப்பது உதவியாகாது. அது அந்நிறுவனத்திற்குச் சுமையாகும்.